கணினிப் பெட்டியில் காலாவதித் தேதியை அச்சிடச் செய்யுங்கள்: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலர், நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு, புது தில்லி.
தலைமை ஆணையர், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி.

மதிப்பிற்குரியீர்,

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்குக் கொடுத்துவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் வசிப்பவர்களுக்கு மட்டும் மேலும் ஓராண்டுக்குக் கட்டணமில்லாமல், தங்கள் கணினியின் அமைப்புகளை (செட்டிங்ஸ்) கிளவுடில், அதாவது நிறுவனத்தின் இணையச் சேமிப்பகத்தில், ஏற்ற வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லாமல், அதே திருத்தங்களைத் தருவதாக அறிவித்தது. அங்கே யூரோகன்ஸ்யூமர்ஸ் என்ற நுகர்வோர் கூட்டமைப்பு சட்டத்தைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதியது. நிறுவனம் இறங்கிவந்தது. இந்தியாவுக்கு அந்தச் சலுகை வரவில்லை. இங்கே அப்படிக் கேட்கும் அதிகாரத்தை நாடாளுமன்றம் உங்களிடம்தான் கொடுத்திருக்கிறது. நான் தேடிப் பார்த்தவரை, இது பற்றி உங்களிடமிருந்து ஓர் அறிக்கைகூட என் கண்ணில் படவில்லை. இதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

நான் மன்னார்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன். என் கடைக்கு வருகிறவர்கள் புது மாடல் வந்தால் பழையதைத் தூக்கிப் போடுகிறவர்கள் அல்ல. அரிசி ஆலைக்குக் கணக்கு எழுதுபவர், பத்திரம் தட்டச்சு செய்பவர், ஜெராக்ஸ் கடைக்காரர், மகள் பொறியியல் சேர்ந்தாள் என்று நகையை அடகு வைத்து லேப்டாப் எடுத்தவர், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். இவர்களுடைய மெஷின்கள் ஏழெட்டு வருடம் ஓடியவை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ரேமை எட்டு ஜிபி ஆக்கி, விசிறியில் அடைந்த தூசியைச் சுத்தம் செய்து கொடுத்தால் இன்னும் நான்கைந்து வருடம் தாராளமாக ஓடக்கூடியவை. அப்படி ஓடவைப்பதுதான் என் தொழில். அதனால் எந்த மெஷின் உண்மையிலேயே முடிந்துபோனது, எது முடித்துவைக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு முதலே, திரை முழுவதையும் மறைக்கிற ஓர் அறிவிப்போடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். "அண்ணே, அக்டோபருக்கு அப்புறம் இது ஆன் ஆகாதாமே?" இதுதான் எல்லோரும் கேட்ட கேள்வி. ஆன் ஆகும், வேலையும் செய்யும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை இனி அடைக்க மாட்டார்கள் என்று ஒவ்வொருவருக்கும் விளக்கினேன். அடுத்த கேள்வி உடனே வரும்: "அப்ப அதுல பேங்க் வேலை பாக்கலாமா?" அதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், பாதி பேர் கடையை விட்டு இறங்கும்போதே புது லேப்டாப்பின் தவணையைக் கணக்குப் போடுகிறார்கள். இந்தப் பயத்தை வைத்து வியாபாரம் செய்தவர்களும் உண்டு. ‘பழசு இனிமே டெட்’ என்று சொல்லிப் புதியதை விற்ற கடைகளை என் கண்ணால் பார்த்தேன். விண்டோஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று தொலைபேசியில் கூப்பிட்டுப் பணம் பறிக்கும் கும்பல்கள் நம் நாட்டில் புதியவை அல்ல. அவர்கள் வாயில் இப்போது ஓர் உண்மையான தேதியும் சேர்ந்துகொண்டது.

புது மெஷினின் விலை எங்கே நிற்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள். மைக்ரான் நிறுவனம் பொதுமக்களுக்கு ரேம், எஸ்எஸ்டி விற்றுவந்த தன் குரூஷல் வணிகத்தையே மூடப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. புதியது வாங்கவும் முடியாமல், பழையதைத் தேற்றவும் வழியில்லாமல் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அடைபடுகிறது.

இனி அந்தப் பழைய மெஷின்கள் ஏன் அடுத்த பதிப்பான விண்டோஸ் 11-க்குப் போக முடியவில்லை என்பதைச் சொல்கிறேன். இந்த இடத்தில்தான் என் கோபம் தொடங்குகிறது.

2021 அக்டோபர் 5 அன்று வெளியான விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பு வேண்டும் என்கிறது. இன்டெல் பிராசஸர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதாக இருக்க வேண்டும் என்கிறது. எட்டாம் தலைமுறை சந்தைக்கு வரத் தொடங்கியது 2017 ஆகஸ்டில். பாதுகாப்புச் சிப்பு நல்ல விஷயம்தான். கடவுச்சொல்லையும் டிஸ்க்கின் பூட்டுச் சாவியையும் அது காப்பாற்றுகிறது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் என் மேசைக்கு வருகிற ஆறாம், ஏழாம் தலைமுறை அலுவலக லேப்டாப்புகள் பலவற்றில் டிபிஎம் 2.0 ஏற்கெனவே இருக்கிறது. கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸைத் திறந்தால் கண்ணுக்குத் தெரிகிறது. இருந்தும் பிராசஸர் பெயர் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுகின்றன. சோதனையைத் தாண்டி நிறுவும் வழியை மைக்ரோசாஃப்டே முதலில் தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்டிருந்தது. அப்படி நிறுவினால் ஓடுகிறது. அப்படி ஓடும் கணினிகளுக்குப் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று மட்டும் கைவிரித்துக்கொண்டார்கள். வாடிக்கையாளரிடம் காசு வாங்கும் நான், உத்தரவாதமில்லாத ஒன்றை அவர் தலையில் எப்படிக் கட்டுவேன்?

ஒரு விவரத்தை நீங்கள் கோப்பில் குறித்துக்கொள்ள வேண்டும். ஏழாம் தலைமுறையில் கிட்டத்தட்ட எல்லாமே ஒதுக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் விதிவிலக்காகச் சேர்க்கப்பட்டவற்றில் ஒன்று கோர் ஐ7-7820எச்க்யூ. அது மைக்ரோசாஃப்டின் சொந்தத் தயாரிப்பான சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2-வில் இருந்த பிராசஸர். அந்தக் கணினி அப்போதும் விற்பனையில் இருந்தது. சமீபத்தில் வாங்கிய வாடிக்கையாளரைக் கைவிடக் கூடாது என்ற நியாயம் தன் பொருளுக்கு வரும்போது நிறுவனத்துக்குப் புரிந்திருக்கிறது. அதே ஆண்டுகளில் நம் ஊர்க் கடைகளில் ஏழாம் தலைமுறை லேப்டாப்பைப் புத்தம்புதிதாகப் பெட்டி பிரித்து வாங்கியவருக்கு அந்த நியாயம் கிடைக்கவில்லை.

நிறுவனத்தின் பக்கமும் ஒரு பதில் இருக்கிறது, அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலை 29-இல். பத்தாண்டு ஆதரவு என்பதும் முடிவுத் தேதியும் அவர்கள் இணையப் பக்கத்தில் முன்பே இருந்தன. பத்தாண்டு குறைந்த காலம் அல்ல என்பார்கள். பதிப்பு வெளியான நாளிலிருந்து எண்ணினால் அது பத்தாண்டுதான். ஆனால் 2019-இல் வாங்கியவருக்கு அது ஆறாண்டு. 2021-இல் சென்னை ரிச்சி தெருவில் ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சீர்செய்து மறுபடி விற்பது) எடுத்தவருக்கு நான்காண்டு. மக்கள் வாங்குவது பதிப்பை அல்ல, பெட்டியை. அவரவர் வாங்கிய நாளிலிருந்துதான் அவரவர் கணக்கு ஓடுகிறது. ஆதரவுக்கான கெடுவைக் கடைசிப் பெட்டி விற்ற நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதே இந்த மடலில் நான் முன்வைக்கும் முதன்மையான கோரிக்கை. இது ஆகாத காரியம் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடப்பில் இருக்கும் விதி, கைபேசிகளுக்கும் டேப்லெட்டுகளுக்கும் அந்த மாடலைச் சந்தைக்கு அனுப்புவது நின்ற நாளிலிருந்து குறைந்தது ஐந்தாண்டு இயங்குதளப் புதுப்பிப்பு தர வேண்டும் என்கிறது.

முடிவுத் தேதி இணையப் பக்கத்தில் இருந்தது என்பதற்கும் ஒரு மறுமொழி உண்டு. 2015-இல் சிகாகோவில் நடந்த மைக்ரோசாஃப்ட் மாநாட்டில், விண்டோஸ் 10-தான் கடைசிப் பதிப்பு என்று அந்நிறுவனத்தின் ஜெர்ரி நிக்சன் சொன்னது உலகமெங்கும் செய்தியானது. நிறுவனம் அதைத் திருத்தவில்லை. மக்கள் மனதில் நின்றது அந்தச் செய்தி. ஆங்கிலத்தில் எங்கோ ஒரு பக்கத்தில் கிடந்த அட்டவணையை மன்னார்குடி ஜெராக்ஸ் கடைக்காரர் படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையல்ல.

அடுத்து விலை. அக்டோபருக்குப் பிறகும் விண்டோஸ் 10-க்கான திருத்தங்களை எழுதுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிடவில்லை. மாதாமாதம் எழுதுகிறது. தொழிற்சாலைக் கருவிகள், பணம் வழங்கும் இயந்திரங்கள் போன்றவற்றில் இருக்கும் விண்டோஸ் 10 ஐஓடி என்டர்பிரைஸ் எல்டிஎஸ்சி 2021 என்ற பதிப்புக்கு 2032 ஜனவரி வரை ஆதரவு உண்டு. எழுதப்பட்ட திருத்தம் யாருக்குப் போகும் என்பதுதான் கேள்வி. நிறுவனங்களுக்கு முதலாண்டுக்கு ஒரு கணினிக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு. கல்வி நிலையங்களுக்கு முதலாண்டு 1 டாலர். ஐரோப்பிய வீடுகளுக்கு இலவசம். இந்திய வீடுகளுக்கு 30 டாலர், இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் 1,000, அதுவும் இல்லையென்றால் கணினியின் அமைப்புகளை அவர்கள் கிளவுடில் ஏற்ற ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்டை ஒன்று, அதை அடைக்கும் திருத்தமும் ஒன்று, விலை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. செய்த செலவுக்குத்தான் விலை என்றால் இப்படி மாறாது. யாரிடம் எவ்வளவு கறக்கலாம் என்பதை வைத்துப் போட்ட விலை இது.

30 டாலர் என்பது நம் பணத்தில் 2,500 ரூபாய்க்கு மேல். ஒரு கணக்கில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம் என்பதால் அது பெரிய தொகை இல்லை என்று வாதிடுவார்கள். பத்துக் கணினி வைத்திருக்கும் வீடு எங்கள் தெருவில் இல்லை. 2025 ஜூனில் முடிந்த நிதியாண்டில் 10,000 கோடி டாலருக்கு மேல் நிகர லாபம் ஈட்டிய நிறுவனம் இது. அந்தத் தொகை அவர்களுக்கு அற்பம், என் வாடிக்கையாளருக்கு ஒரு மாத மின்கட்டணத்தைவிட அதிகம்.

கிளவுடில் ஏற்றினால் இலவசம் என்ற வழியைத்தான் உங்கள் ஆணையம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். இணையத்தில் பதியாமல், கணினிக்குள்ளேயே இருக்கும் உள்ளூர்க் கணக்கில் கணினியைப் பயன்படுத்தி வந்த ஒருவர், பாதுகாப்புத் திருத்தம் வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் கணக்குத் தொடங்க வேண்டும். பிறகு அமைப்புகளை ஏற்ற வேண்டும். அவர்களுடைய கிளவுடான ஒன்டிரைவில் இலவச இடம் 5 ஜிபி. அது நிரம்பினால் மாதச் சந்தாவுக்கான அழைப்பு வந்து நிற்கும். பாதுகாப்புக்கும் கிளவுடுக்கும் தொழில்நுட்ப ரீதியில் எந்தத் தொடர்பும் இல்லை. 2023 நவம்பர் 30 அன்று நீங்கள் வெளியிட்ட, நுகர்வோரைத் திசைதிருப்பும் இணைய உத்திகளுக்கு எதிரான வழிகாட்டு நெறிகளில் 13 உத்திகளைப் பட்டியலிட்டீர்கள். கேட்ட சேவையைப் பெற வேண்டுமானால் தொடர்பில்லாத வேறொரு சேவையில் சேர வேண்டும், தன் விவரங்களைத் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது அவற்றில் ஒன்று. நான் வழக்கறிஞன் அல்ல. ஆனால் உங்கள் நெறியைப் படித்துவிட்டு அந்தப் பதிவுத் திரையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று பெயர் சொல்லி அழைப்பதுபோல் இருக்கிறது. ஐரோப்பாவில் மட்டும் அந்த நிபந்தனையைக் கைவிட முடிந்தது என்பதே, அது தவிர்க்க முடியாத தேவை அல்ல என்பதற்குச் சாட்சி.

திருத்தம் கிடைக்காத கணினி அதன் சொந்தக்காரருக்கு மட்டும் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2017 மே 12 அன்று பரவிய, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வான்னக்ரை என்ற கணினித் தாக்குதலில் பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அதற்கு மூன்றாண்டு முன்பே, 2014 ஏப்ரல் 8-இல், விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பொது ஆதரவு முடிந்திருந்தது. தனிக் கட்டணம் கட்டியவர்களுக்காக எக்ஸ்பி திருத்தம் முன்பே தயாராக இருந்தது. தாக்குதல் நடந்த பிறகுதான் அது எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அந்தப் பாடத்தை வைத்துப் பார்த்தால், கோடிக்கணக்கான கணினிகளை ஓட்டையோடு இணையத்தில் விட்டுவைப்பது பொதுச் சுகாதாரப் பிரச்சினைக்குச் சமம். அரசின் ஒரு கையான, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன், மென்பொருளை உடனே புதுப்பியுங்கள் என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை விடுகிறது. புதுப்பிப்பதற்கான உரிமையைக் காப்பாற்ற வேண்டிய மற்றொரு கை நீங்கள்.

‘விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாமே’ என்பார்கள். போடுகிறேன். படிக்கும் பிள்ளைகளுக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கும் போட்டுக் கொடுத்த மெஷின்கள் நன்றாக ஓடுகின்றன. கேரளம் தன் பள்ளிகளைப் பல ஆண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளில் நடத்துகிறது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் நம்மிடமே இருக்கிறது. ஆனால் அரிசி ஆலைக் கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது, டேலி விண்டோஸில் இருக்கிறது. பத்திரம் தட்டச்சு செய்பவரின் இருபதாண்டுக் கோப்புகள் யூனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் கிடக்கின்றன. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்பத்துக்கான டோக்கன், பழைய பிரிண்டர் என ஒவ்வொன்றின் டிரைவரும் விண்டோஸை நம்பி வந்தவை. அரசே பல சேவைகளை அப்படித்தான் அமைத்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் வாசல் வழியாகத்தான் எல்லோரும் போக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கிவிட்டு, அந்த வாசல் சாத்தப்படும்போது பின்பக்கமாகப் போகச் சொல்வது சரியில்லை.

தமிழ்நாட்டில் இன்னொரு கூடுதல் வலி. 2011 செப்டம்பர் 15 முதல் மாநில அரசு லட்சக்கணக்கான மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுத்தது. பல வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். அவற்றில் எட்டாம் தலைமுறைக்கு முந்திய காலத்தில் கொடுக்கப்பட்ட எதுவும் புதிய பட்டியலில் இடம்பெற வழியில்லை. அவற்றில் பல இன்றும் தங்கை, தம்பி கைக்கு மாறி உழைக்கின்றன. தமிழ் 99 விசைப்பலகை விண்டோஸிலேயே உள்ளமைந்து வந்ததும் விண்டோஸ் 10 காலத்தில்தான். தமிழில் தட்டச்சு செய்ய யாரிடமும் எதையும் கேட்டு வாங்க வேண்டியதில்லை என்று ஆன சில ஆண்டுகளிலேயே, அதே கணினிகள் பாதுகாப்பற்றவை ஆகிவிட்டன. பொதுப்பணத்தில் ஒரு கணினி வாங்கும்போது விலை, ரேம், பேட்டரி எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் கேட்கிறோம். எந்தத் தேதிவரை இதற்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும் என்பதையும் கேட்டே ஆக வேண்டும்.

2023 டிசம்பரில் கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம், விண்டோஸ் 10 ஆதரவு முடிவதால் உலகில் சுமார் 24 கோடி கணினிகள் குப்பைக்குப் போகலாம் என்று கணித்தது. அந்தக் குப்பையில் நம் பங்கு எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியும். தில்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும் மதர்போர்டை எரித்தும் அமிலத்தில் முக்கியும் செம்பும் தங்கமும் பிரிப்பவர்கள் கையுறைகூட இல்லாத ஏழைகள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்கழிவு விதிகள் கருவியைத் தயாரித்தவர் மீது பொறுப்பைச் சுமத்துகின்றன. நன்றாக ஓடும் கருவியை மென்பொருள் முடிவு ஒன்றால் குப்பையாக்குகிறவர் மீது எந்தப் பொறுப்பும் இல்லை. 2030-க்குள் கரியமில வாயுவைத் தான் வெளியிடுவதைவிட அதிகமாக உறிஞ்சுவேன், கழிவே இல்லாமல் செய்வேன் என்று உறுதிமொழி கொடுத்திருக்கும் நிறுவனத்திடம், இந்தக் கழிவு யார் கணக்கு என்று அதிகாரமுள்ள ஒருவர் கேட்க வேண்டும்.

உங்கள் துறை எதுவும் செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்காகக் குழு அமைத்தீர்கள். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கான இணையத்தளத்தைத் திறந்தீர்கள். அன்று என்னைப் போன்றவர்களுக்கு உண்மையிலேயே தெம்பு வந்தது. பொருள்களை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்தின் அறிக்கையும் 2025 மே மாதம் உங்கள் கைக்கு வந்தது. அந்த அளவுகோல்களில் மென்பொருள் புதுப்பிப்பும் ஒன்று என்பதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனால் முதல் கட்டம் கைபேசிக்கும் டேப்லெட்டுக்கும்தான். மேசைக் கணினியும் லேப்டாப்பும் அதில் இல்லை. மேலும், மதிப்பெண் என்பது கடமை ஆகாது. ஸ்க்ரூ எளிதாகக் கழன்றால் ஒரு மதிப்பெண், திரை கிடைத்தால் ஒரு மதிப்பெண் என்று கூட்டிக் கொடுத்துவிட்டு, திருத்தம் வராததற்கு ஒரு மதிப்பெண்ணைக் கழித்தால் போதுமா? ஸ்க்ரூவை நான் எப்படியாவது கழற்றிவிடுவேன். விண்டோஸின் ஓட்டையை அடைக்கும் நிரலை நானோ, இந்த நாட்டில் உள்ள வேறு எந்தப் பழுதுபார்ப்பவரோ எழுத முடியாது. மூலநிரல் ஓர் இடத்தில்தான் இருக்கிறது. மற்ற எல்லா உதிரி பாகத்துக்கும் மாற்று உண்டு, இதற்கு மட்டும் இல்லை. அதனாலேயே சட்டம் முதலில் கைவைக்க வேண்டிய இடம் இதுதான்.

நான் விண்டோஸை வைத்துப் பேசுவது அது என் மேசைக்கு அதிகம் வருவதால்தான். கைபேசியிலும் இதே கதை. கூகுளும் சாம்சங்கும் தங்கள் விலையுயர்ந்த மாடல்களுக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பு தருவதாக அறிவித்துவிட்டன. பத்தாயிரம் ரூபாய்க் கைபேசிகளில் பலவற்றுக்கு அதில் பாதிகூடக் கிடையாது. யுபிஐயில் பணம் வாங்கும் பூக்கடை அம்மாவின் கையில் இருப்பது அந்தப் பத்தாயிரம் ரூபாய்க் கைபேசி.

பெரிய நிறுவனங்கள் இந்தியா சொன்னால் கேட்குமா என்ற சந்தேகம் உங்களுக்கு இருந்தால், 2022 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு விவகாரத்தில் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. சில நாட்களில் கூகுள் இந்தியாவுக்கான தன் நடைமுறைகளை மாற்றுவதாக அறிவித்தது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2018-இலேயே, மென்பொருள் புதுப்பிப்பால் கைபேசிகள் மந்தமானதற்காக ஆப்பிளுக்கும் சாம்சங்குக்கும் அபராதம் போட்டது. கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

என் கோரிக்கைகளை வைக்கிறேன்.

பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் உங்கள் துறையின் கையில் இருக்கின்றன. தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகார் சொல்ல வேண்டிய முகவரி எல்லாம் பெட்டியின் மேல் இருப்பது அந்த விதிகளால்தான். அவற்றில் ஒரு வரியைச் சேருங்கள்: ‘இக்கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் குறைந்தது இந்தத் தேதிவரை கட்டணமின்றி வழங்கப்படும்.’ கணினி, கைபேசி, டேப்லெட், இணையத்தோடு இணையும் டிவி, கண்காணிப்புக் கேமரா எல்லாவற்றுக்கும். கியூஆர் குறியீட்டுக்குள் ஒளிக்காமல், படிக்கும் அளவில், அந்தந்த மாநில மொழியிலும். இணையக் கடைகளில் விலைக்குப் பக்கத்திலேயே. ரீஃபர்பிஷ்டு விற்பவர் பில்லில் எழுதித் தர வேண்டும். பிரிட்டனில் 2024 ஏப்ரல் முதல், இணையத்தோடு இணையும் கருவிகளுக்குக் குறைந்தபட்சப் புதுப்பிப்புக் காலத்தை அறிவிப்பது சட்டக் கட்டாயம். தெரிந்துகொள்ளும் உரிமை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. புதுச் சட்டம்கூட வேண்டாம்.

அந்தத் தேதி, இந்தியாவில் அந்த மாடல் கடைசியாகப் புதிதாக விற்கப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுக்குக் குறையக் கூடாது என்று நிர்ணயியுங்கள். கணினிக்கு ஏழாண்டு என்பது என் அனுபவத்தில் நியாயமான அளவு. கெடுவுக்குப் பிறகு யாருக்காவது திருத்தம் விற்கப்படுகிறது என்றால், அதே திருத்தம் வீட்டுப் பயனர்களுக்கு இலவசமாகப் போக வேண்டும்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைக் கொண்டு, விண்டோஸ் 10 நீட்டிப்பின் இந்திய நிபந்தனைகளைத் தாமாக முன்வந்து விசாரிக்க வேண்டும். ஐரோப்பிய நுகர்வோருக்குத் தந்ததை இந்திய நுகர்வோருக்கு ஏன் தரவில்லை என்று எழுத்தில் பதில் வாங்கி, அந்தப் பதிலை வெளியிட வேண்டும். வீட்டுப் பயனர்களுக்கு அறிவிக்கப்பட்டிருக்கும் நீட்டிப்பு 2026 அக்டோபர் 13 வரைதான். விசாரணை அதற்குப் பின் தொடங்கினால் பயனில்லை.

பழுதுபார்ப்பு மதிப்பெண் திட்டத்தில் லேப்டாப்பையும் மேசைக் கணினியையும் உடனே சேருங்கள். புதுப்பிப்புக் காலத்தைக் கூட்டல் கழித்தலில் ஒன்றாக வைக்காமல், அது இல்லையென்றால் மதிப்பெண்ணே கிடையாது என்று வையுங்கள். அந்தக் குழுக்களில் தொழில் சங்கங்களோடு, கடையில் உட்கார்ந்து பழுதுபார்க்கிற சிலரையும் உட்கார வையுங்கள்.

அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கும் ஜெம் இணையத் தளத்தில் வாங்கப்படும் ஒவ்வொரு கணினிக்கும் இந்தத் தேதி ஒப்பந்த நிபந்தனையாக இருக்க, மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தோடு பேசுங்கள். மாணவர்களுக்குக் கணினி கொடுக்கும் மாநிலங்களுக்கும் எழுதுங்கள்.

இவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள், எதைச் செய்ய முடியாது, ஏன் முடியாது என்பதைப் பொதுவில் தெரிவியுங்கள். 1915 என்ற உங்கள் உதவி எண்ணில் கூப்பிட்டால், விண்டோஸ் 10 கணினி வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்று தமிழிலும் மற்ற இந்திய மொழிகளிலும் தெளிவாகச் சொல்ல ஆள் இருக்கட்டும். இதற்கு எந்த விதித் திருத்தமும் தேவையில்லை, இந்த வாரமே தொடங்கலாம்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்ப்பவர் ஒருவர்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.